ஒரு செமஸ்டர் பிளாரன்ஸ்: தோட்டத்துப் பத்திரத்தை எடுக்கலாமா?

சென்னிமலைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 20 வயது மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

கோவையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறார். அப்பா குடோனில் சில தறிகளை வைத்துக் கூலிக்குப் பெட்ஷீட் ஓட்டிக்கொடுக்கிறார். கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் தோட்டம் உண்டு. கல்லூரிக்கு வந்து பேசிய ஓர் ஏஜென்சி, இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் 'கலை வரலாறும் பண்பாடும்' என்று ஒரு செமஸ்டர் படிப்பு இருப்பதாகச் சொல்லியிருக்கிறது. செப்டம்பர் முதல் வாரம் தொடங்கி டிசம்பர் மூன்றாம் வாரம் முடியும். மொத்தச் செலவு 9 லட்சம் ரூபாய். மாணவி தன் சேமிப்பையும் அம்மாவின் சீட்டுப் பணத்தையும் சேர்த்து 60,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டார். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களின் அசலையும் ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டார்.

மீதிப் பணத்துக்குத் தோட்டத்துப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்க அப்பா அரைமனதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்பாரு (தாத்தா), "படம் பார்த்துவிட்டு வருவதற்கு ஒன்பது லட்சமா?" என்று கேட்டுவிட்டு அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். வரன் பார்க்கிற வயதில் எதற்கு இத்தாலி என்பது பெரியப்பாவின் கட்சி. மாணவிக்கு நான்கு சந்தேகங்கள். இந்தச் செமஸ்டரைக் கல்லூரி தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும் அல்லவா? சுற்றுலா விசாவே போதும் என்று ஏஜென்சி சொல்வது சரியா? பத்திரத்தை வைக்கலாமா? இப்போது பின்வாங்கினால் முன்பணம் போனதுதானா? இவற்றுக்கு நடுவே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "நம் பக்கத்தில் தஞ்சாவூர் மாதிரி எதுவும் இல்லை. கலை வரலாறு படிக்க வேண்டுமென்றால் வெளியே போய்த்தான் ஆக வேண்டும்."

அம்மிணி, என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஏஜென்சியின் இந்த ஏற்பாட்டில், இந்தச் செப்டம்பருக்காகத் தோட்டத்துப் பத்திரத்தை எடுக்க வேண்டாம். பிளாரன்சுக்குப் போக வேண்டும் என்ற உங்கள் ஆசையில் தவறே இல்லை. போகிற வழியைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

கல்லூரி என்ன எழுதித் தரப்போகிறது?

கல்லூரி அரங்கத்தில் வந்து பேசினார்கள், அதனால் கல்லூரிக்குச் சம்மதம்தான் என்று நினைத்துவிட்டீர்கள். அரங்கத்தைப் பேசக் கொடுப்பது வேறு, படிப்பை அங்கீகரிப்பது வேறு. பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு கொண்டுவந்த விதிகளின்படி, இந்தியக் கல்வி நிறுவனமும் வெளிநாட்டுக் கல்வி நிறுவனமும் சேர்ந்து இரட்டைப் பட்டம், கூட்டுப் பட்டம், 'ட்வின்னிங்' முறை என மூன்று வகைப் படிப்புகளை நடத்தலாம். ட்வின்னிங் முறையில் மொத்தக் கிரெடிட்டில் 30 சதவீதம் வரை வெளிநாட்டில் படிக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் இரு கல்வி நிறுவனங்களுக்கு இடையே எழுத்து ஒப்பந்தம் வேண்டும். சாதாரண மாணவர் பரிமாற்றத்துக்கும் அப்படித்தான். ஏஜென்சி கல்வி நிறுவனம் ஆகாது. அதன் வண்ணப் புத்தகத்தில் உங்கள் கல்லூரியின் முத்திரை அச்சாகியிருப்பதால் எதுவும் ஆகிவிடாது.

உங்கள் துறைத்தலைவரிடம் வாய்மொழியாகக் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். பிளாரன்சில் படிக்கப்போகும் ஒவ்வொரு பாடத்தின் திட்டத்தையும் வாங்கி, அது உங்கள் ஐந்தாம் செமஸ்டரின் எந்தத் தாளுக்கு ஈடாகும் என்று பாடத்திட்டக் குழுவும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் எழுதித் தர வேண்டும். மதிப்பெண்ணை எப்படி மாற்றிப் போடுவார்கள் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டர் என்பது 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பும் சொந்தப் படிப்புமாகச் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. உங்களுக்குச் சொல்லப்பட்ட படிப்பில் இந்த எண் எங்கேயாவது இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றையும் கேளுங்கள். முடிவில் மதிப்பெண் சான்று தரப்போகிற பல்கலைக்கழகம் எது? பிளாரன்சில் நல்ல தனியார் மையங்கள் பல இருக்கின்றன. அவற்றில் சில தாமே கிரெடிட் தர முடியாமல் வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் சான்று வாங்கித் தருகின்றன. அதில் குற்றமில்லை, அந்தப் பெயர் உங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். "பங்கேற்புச் சான்றிதழ்" என்று மட்டும் பதில் வந்தால், நீங்கள் வாங்குவது செமஸ்டர் இல்லை, நீண்ட சுற்றுலா.

நாள்காட்டியும் உங்களுக்கு எதிராக இருக்கிறது. நம் கல்லூரிகளின் ஐந்தாம் செமஸ்டர் ஜூனில் தொடங்கி நவம்பர் தேர்வோடு முடியும். செப்டம்பரில் கிளம்பினால் வருகைப்பதிவில் 75 சதவீதம் தேறாது. தேர்வு நேரத்தில் ஊரிலும் இருக்க மாட்டீர்கள். கல்லூரி அந்தச் செமஸ்டரை முழுதாக மாற்றி ஏற்றுக்கொண்டால் சிக்கல் இல்லை. ஏற்காவிட்டால் எல்லாத் தாளும் அரியராக நின்று, பட்டம் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். முதுகலைச் சேர்க்கையும் அதோடு தள்ளிப்போகும். ஒன்பது லட்சம் என்று சொல்லப்படுகிற செலவில் இந்த ஓராண்டை யாரும் சேர்க்கவில்லை.

தொண்ணூறு நாளைத் தாண்டும் விசா

சுற்றுலா விசா போதும் என்பது தவறான ஆலோசனை, அதுவும் உங்களைத்தான் மாட்டிவிடும். இத்தாலி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவில் எந்த 180 நாள் கணக்கிலும் 90 நாள்தான் தங்கலாம். செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து டிசம்பர் மூன்றாம் வாரம் வரை எண்ணிப் பாருங்கள். நூறு நாளைத் தாண்டுகிறது. இத்தாலியின் நீண்டகாலப் படிப்பு விசா, அதாவது 'டி' வகை, இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போக வேண்டும். சுற்றுலா விசாவில் போய் இறங்கி அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். 2025 அக்டோபர் முதல் ஐரோப்பிய எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுத்து நாள் கணக்கைக் கணினியிலேயே பதியும் முறையைத் தொடங்கியிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை மங்கலாக விழுந்ததென்று தப்பித்த காலம் முடிந்தது. கூடுதலாகத் தங்கிய பதிவு ஒன்று விழுந்தால், நாளை முதுகலைக்கு விசா கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

படிப்பு விசாவில் போனாலும் பொதுவாக இறங்கிய 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான படிவ உறை அங்குள்ள அஞ்சலகத்திலேயே கிடைக்கும். பகுதி நேர வேலை செய்து பாதிப் பணத்தை எடுத்துவிடலாம் என்று ஏஜென்சி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். படிப்பு அனுமதியில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மூன்றரை மாதம் மட்டும் இருக்கப்போகிற, இத்தாலிய மொழி பேசத் தெரியாத ஒருவருக்குக் காகித வேலை முடிந்து வேலை கிடைப்பதற்குள் ஊர் திரும்பும் நாள் வந்துவிடும். அந்த வருமானத்தைக் கணக்கிலிருந்து முழுதாக அடித்துவிடுங்கள்.

அப்பாரின் கேள்விக்குப் பதில்

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். படம் பார்க்கவா ஒன்பது லட்சம் என்று அப்பாரு கேட்டார். நீங்கள் அழுதுவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அழுவதற்குப் பதிலாக அவருக்குச் சொல்லக்கூடிய பதில் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம், கலை வரலாறு என்பது என்ன படிப்பு என்று உங்களுக்கே யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு சிலையை அழகு என்று சொல்வதோடு அந்தப் படிப்பு நிற்பதில்லை. அதற்குப் பணம் கொடுத்தது யார், என்ன ஒப்பந்தம், எந்தப் பட்டறை, கல்லோ வெண்கலமோ எங்கிருந்து வந்தது, ஏன் அந்த இடத்தில் வைத்தார்கள், பிறகு யார் எடுத்துப் போனார்கள் என்று கணக்குப் பிள்ளை மாதிரி தோண்டுகிற படிப்பு அது. பிளாரன்சையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் கலைக்குப் பின்னால் இருந்த பணம் பெரும்பாலும் துணியிலிருந்தும் வட்டியிலிருந்தும் வந்தது. தலைமைக் கோயிலின் கட்டுமானப் பொறுப்பு 1331 முதல் கம்பளித் துணி வணிகர் சங்கத்தின் கையில் இருந்தது. 1420இல் தொடங்கி 1436இல் முடிந்த, கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கியின் பெரிய குவிமாடம் அந்தச் சங்கத்தின் பொறுப்பில் எழுந்ததுதான். எதிரே இருக்கிற ஞானஸ்நானக் கோயிலுக்கு வெண்கலக் கதவு செய்ய 1401இல் போட்டி வைத்தவர்கள் வெளிநாட்டுத் துணியை வாங்கி விற்ற கலிமாலா சங்கத்தார். கிபெர்ட்டி வென்றார், புருனெல்லெஸ்கி தோற்றார். இருவரும் போட்டிக்குச் செய்த பலகைகளை இன்றும் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் ஒன்றாகப் பார்க்கலாம். 1419இல் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தைக் கட்டத் தொடங்கியது பட்டு வணிகர் சங்கம்.

இவற்றையெல்லாம்விட உங்களுக்கென்றே வைத்தது போல ஒரு சிலை இருக்கிறது. ஓர்சான்மிக்கேலே என்ற பழைய தானிய மண்டியின் வெளிச்சுவரில், ஒவ்வொரு தொழிற்சங்கமும் தன் காவல் புனிதரின் சிலையை மாடத்தில் வைத்தது. லினன் துணிக்காரர் சங்கம் இளம் சிற்பி தொனாத்தெல்லோவிடம் புனித மாற்குவின் சிலையைச் செய்யச் சொன்னது. 1411 முதல் 1413 வரை வேலை நடந்தது. அந்தப் புனிதர் நிற்பது பீடத்தின் மேல் வைத்த ஒரு மெத்தைத் திண்டின் மேல். பளிங்கில் செதுக்கிய திண்டு, பாரத்தில் அமுங்கிச் சுருங்கி இருக்கிறது. தங்கள் சரக்கை விளம்பரப்படுத்தத் துணிக்காரர்கள் கண்டுபிடித்த வழி என்று கலை வரலாற்றாசிரியர்கள் அதைப் படிக்கிறார்கள். பெட்ஷீட்டும் தலையணை உறையும் ஓட்டுகிற வீட்டில் பிறந்தவருக்கு அந்தத் திண்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் அப்பாருக்கும் வேண்டியதில்லை. அதே ஊரில் 1378இல் கம்பளித் தொழிலாளிகள், தங்களுக்கென்று சங்கம் இல்லை என்று கலகம் செய்து சில வாரம் ஆட்சியையே பிடித்தார்கள். சிலைக்குக் காசு கொடுத்தவர் வேறு, நூல் நூற்றவர் வேறு. கூலிக்குத் தறி ஓட்டுபவரின் மகளுக்கு இதில் கேட்க நிறையக் கேள்விகள் இருக்குமே?

அந்தக் கேள்விகளைக் கேட்க முதலில் பிளாரன்ஸ் போக வேண்டியதில்லை என்பதுதான் நான் திருத்த நினைக்கும் பெரிய தவறு. நம் பக்கத்தில் எதுவும் இல்லை என்கிறீர்கள். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், நொய்யலின் வடகரையில், கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பேசுகிற ஊர். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. மணிகள் செய்த பட்டறைத் தடயங்களும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்திருக்கின்றன. காங்கேயம் அருகே படியூரில் எடுத்த பச்சைக்கல்லுக்கு ரோமாபுரியில் கிராக்கி இருந்தது. கோவை வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்தன.

இந்தக் கயிற்றின் மறுமுனை இத்தாலியில் இருக்கிறது. பிளாரன்சிலிருந்து ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வருகிற அரெட்ஸோ நகரின் சிவப்பு மண்பாண்டங்கள், புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் கிடைத்தன. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் அந்த ஓடுகளை வைத்துத்தான் அரிக்கமேட்டின் காலத்தைக் கணித்தார். இந்தியாவில் செய்த தந்தப் பெண்ணுருவம் ஒன்று 1938இல் எரிமலையில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெயின் இடிபாடுகளில் கிடைத்து, இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தாலியில் தங்கிப் படிப்பவர் இவ்விரண்டு ஊருக்கும் ஒரு வார இறுதியில் போய்வரலாம். கொடுமணலைப் பார்க்காமல் அரெட்ஸோ போனால் அங்கே இருப்பது வெறும் சிவப்புப் பானை.

தஞ்சாவூரை அளவுகோலாக வைத்தால் கொங்கு நாடு குட்டையாகத்தான் தெரியும். பேரூரில் அளகாத்ரி நாயக்கர் கட்டிய கனகசபையின் தூண் சிற்பங்களை, விஜயமங்கலத்துச் சமணக் கோயிலை, நாமக்கல் குடைவரை நரசிம்மரை, தாரமங்கலத்துக் கைலாசநாதர் கோயிலை, அரச்சலூரில் தாள எழுத்துகளைப் பாறையில் வெட்டிவைத்த கல்வெட்டை அவற்றின் அளவிலேயே வைத்துப் பாருங்கள். அரசனின் பெருங்கோயிலுக்குப் பதிலாக வணிகக் குழுக்களும் ஊராரும் சிறு தலைவர்களும் கொடுத்த கொடைகளால் வளர்ந்த கலை இங்கே நிறைய. பிளாரன்சின் துணிக்காரர் சங்கங்களோடு ஒப்பிட்டுக் கேட்க, தஞ்சையைவிட இது பொருத்தமான நிலம் என்பது என் எண்ணம்.

ஒரு வேலை தருகிறேன். மேலே சொன்னவற்றில் ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அச்சான கல்வெட்டுத் தொகுதிகளைப் பார்த்து, யார் என்ன கொடுத்தார்கள் என்று பத்துப் பக்கம் எழுதுங்கள். கல்லூரி நூலகமும் ஒரு நோட்டும் போதும். எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தாலும், 'சிறு வயதிலிருந்தே கலை மீது ஆர்வம்' என்று தொடங்குகிற கடிதங்களுக்கு நடுவே உங்கள் பத்துப் பக்கம் தனியாகத் தெரியும்.

பத்திரம், வரி, வங்கி

பணத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை பொதுவாகச் சொத்துப் பிணை தேவையில்லை. அதைத் தாண்டினால்தான் சொத்துப் பத்திரம். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் உங்கள் கைப்பணம் இருக்க வேண்டும். ஆகவே பத்திரத்தை எடுக்கும் முன், செலவை 7.5 லட்சத்துக்குள் அடக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஏஜென்சியிடம் ஒன்பது லட்சத்தைக் கல்விக் கட்டணம், தங்குமிடம், காப்பீடு, விமானம், அவர்களின் கூலி என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்துத் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. பட்டப்படிப்புக்குக் கணக்கில் வராத ஒரு செமஸ்டருக்கு வங்கி கல்விக் கடன் தருவது கடினம் என்பதையும் கவனியுங்கள். அங்கேயும் அந்தக் கல்லூரிக் கடிதம்தான் கேட்பார்கள். வங்கி மறுத்தால் வெளியே வட்டிக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பா நினைத்தால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

மத்திய அரசு வட்டி மானியம் தரும் என்று அப்பா நம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மானியம் இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கு. வரியைப் பற்றிய பயம் வேண்டாம். 2025 ஏப்ரல் முதல், படிப்புக்காக ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை வெளிநாட்டுக்கு அனுப்பினால் அனுப்பும்போது வரி பிடிப்பதில்லை. வங்கியின் கல்விக் கடனாக இருந்தால் எவ்வளவுக்கும் பிடிப்பதில்லை. ஆனால் ஏஜென்சி இதை வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு என்று பில் போட்டால் முதல் ரூபாயிலிருந்தே வரி உண்டு. ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். படிப்பா சுற்றுலாவா என்று ஏஜென்சியே எப்படிக் கருதுகிறது என்பதும் அதில் தெரிந்துவிடும்.

இதே ஆசைக்கு வேறு கதவுகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகம் எதனோடாவது ஒப்பந்தம் இருந்தால், அந்தச் செமஸ்டருக்கு உதவித்தொகையே கிடைக்கும். மாணவர் தனியாக விண்ணப்பிக்க முடியாது, கல்லூரிதான் அனுப்ப வேண்டும். பட்டம் முடித்த பிறகு எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைப் படிப்புகளுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். தேர்வானால் மாதம் 1,400 யூரோ தருகிறார்கள்; போட்டி கடுமை. இத்தாலியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வட்டார உதவித்தொகைகளுக்கு வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். பல பாடங்கள் இத்தாலிய மொழியில் என்பதால் மொழியை இப்போதே தொடங்க வேண்டும். ஒரு செமஸ்டருக்குக் கேட்கிற ஒன்பது லட்சத்தை அங்கே இரண்டு ஆண்டு முதுகலைக்கு ஆகும் செலவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்நாட்டில் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலமும், டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை, அழகியல் பள்ளியும், நொய்டாவில் உள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனமும் இருக்கின்றன.

வேலையைப் பற்றி அப்பா கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஒரு செமஸ்டர் பிளாரன்ஸ் வேலை வாங்கித் தராது. முதுகலை முடித்தவருக்கு அருங்காட்சியகம், தொல்லியல் துறை, பழம்பொருள் பாதுகாப்பு, கல்லூரி ஆசிரியப் பணி என்று வழிகள் உண்டு. இடங்கள் குறைவு, காத்திருப்பு அதிகம். துணி வீட்டுப் பிள்ளையாக இருப்பதால் பழைய நெசவுகளின் ஆவணமும் பாதுகாப்பும் உங்களுக்குக் கூடுதலாகத் திறக்கிற வழி. பிளாரன்சுக்குப் பக்கத்திலேயே பிராட்டோ என்ற நெசவு நகரத்தில் துணிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

பெரியப்பாவும் சட்டமும்

உங்களுக்கு 20 வயது. பாஸ்போர்ட்டுக்கோ விசாவுக்கோ யாருடைய சம்மதக் கையெழுத்தும் வேண்டியதில்லை. பெரியப்பாவின் சம்மதம் எந்தப் படிவத்திலும் இல்லை. ஆனால் செலவைத் தாங்குபவர் என்று அப்பாவின் வங்கிக் கணக்கும் வருமான வரிக் கணக்கும் கேட்பார்கள். உரிமை உங்களிடம் இருக்கிறது, பணம் அவரிடம் இருக்கிறது. ஆகவே அவரிடம் வாதாடுவதைவிட எல்லாத் தாளையும் அவர் முன்னால் விரித்து வைப்பது பலன் தரும். பெண் தனியாக என்ற பயத்துக்குப் பொத்தாம்பொதுவான தைரியம் சொல்லிப் பயனில்லை. தங்குமிடத்தின் எழுத்து ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு, கல்வி மையத்தின் பொறுப்பாளரோடு அப்பா நேரில் பேசக்கூடிய ஒரு வீடியோ அழைப்பு ஆகியவற்றைக் கொடுங்கள். ரோமில் தூதரகமும் மிலானில் துணைத் தூதரகமும் இருக்கின்றன என்பதையும் சொல்லிவையுங்கள். வரன் பேச்சுக்கு என்னிடம் மருந்து இல்லை; ஒரு செமஸ்டர் படிப்பால் தட்டிப்போகிற வரன் தட்டிப்போகட்டும் என்பது என் சொந்தக் கருத்து.

முன்பணமும் அசல் சான்றிதழ்களும்

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. அசல் மதிப்பெண் பட்டியலைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த ஏஜென்சிக்கும் உரிமை இல்லை. விசாவுக்குச் சான்றொப்பமோ, வெளிநாட்டில் செல்லும்படி ஆவணத்தை உறுதிப்படுத்தும் அப்போஸ்டில் முத்திரையோ தேவைப்பட்டால், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டிய பொருள் அது. அப்பாவையும் அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். சான்றிதழ்களைத் திருப்பித் தரும்படியும், சுற்றுலா விசா பற்றிச் சொன்னதும் கல்லூரி ஒப்புதல் பற்றிச் சொன்னதும் தவறாக இருப்பதால் முன்பணத்தைத் திருப்பித் தரும்படியும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். சுற்றுலா விசா போதும் என்று எழுதியிருக்கிற அந்தச் செய்திதான் உங்கள் முக்கியமான சான்று.

'முன்பணம் திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் அச்சிட்டிருப்பதால் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டீர்கள். அப்படி அச்சிட்டதாலேயே சேவைக் குறைபாட்டுக்கான பொறுப்பு நீங்கிவிடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஏஜென்சி கோவையில் இருந்தாலும் நீங்கள் ஈரோட்டில் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். முழுத் தொகையும் வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். அவர்கள் உண்மையாகவே ஏதாவது வேலை செய்து கொடுத்திருந்தால் அதற்கான பங்கைக் கழிக்கலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல நேரங்களில் அந்த அழைப்புக்குப் பிறகே ஏஜென்சிகள் பேச வருகின்றன.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு துறைத்தலைவரைப் பாருங்கள். அடுத்த தவணையைக் கட்டச் சொல்லி ஏஜென்சி தருகிற கெடு எதுவானாலும், கல்லூரியின் எழுத்து ஒப்புதல் வரும்வரை ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.